வழியில் இறக்கக் கூடாத தண்ணீர்

முத்துமீனாவுக்கு வண்டியில் ஒரே வேலைதான், ஓஸ் பிடிப்பது. புருஷன் மலையாண்டி ஓட்டுவான். அவள் பக்கத்து சீட்டில், சுருட்டி வைத்த ஓஸின் மேல் கால் போட்டு உட்கார்ந்து போவாள். தெருவில் வண்டி நின்றதும் இறங்கி, பின்னால் வால்வில் ஓஸை மாட்டி, குடம் குடமாக நிரப்புவாள். வரிசையில் சண்டை வந்தால் ஓஸை மடக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பாள். சண்டை தானாக அடங்கும்.

எழுமலைக்கு மேற்கே அவர்களுடைய தோட்டத்துப் போர்க்கிணற்றில் கோடையிலும் தண்ணீர் இருந்தது. அதனால்தான் பிக்கப் வண்டி வாங்கி, பக்கப் பலகைகளைக் கழற்றிவிட்டு, வெறும் தட்டின் மேல் ஒரு கறுப்பு டேங்கைக் கட்டினார்கள். அதற்கு முன்னால் முத்துமீனா மதுரையில் வண்டியூர் தெப்பக்குளத்துப் பக்கம் ஒரு நர்ஸிங் ஹோமில் ஆயாவாக இருந்தாள். மாமியார் வாதம் வந்து விழுந்ததும் அந்த வேலையை விட்டுவிட்டு வந்து, முதுகில் ஒரு புண் வராமல் பார்த்து அனுப்பி வைத்தாள். ஊரில் அதைப் பாசம் என்று சொன்னார்கள். அவள் நேரம் தவறாமல் புரட்டிப் போட்டாள், அவ்வளவுதான். மாமியார் போன பிறகு வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் வண்டியில் ஏறினாள்.

இந்தக் கோடையில் மலையாண்டி பழைய டேங்கை இறக்கிவிட்டு இரண்டாயிரம் லிட்டர் டேங்கை ஏற்றினான். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பது அவனுக்குத் தெரியாதது இல்லை. ஆனால் டேங்க் நிரம்பியதும் வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்துவிட்டது. வேகத்தடையில் ஏறி இறங்கும்போதெல்லாம் பின் டயர் மேலே தட்டின் அடிப்பக்கத்தில் உரசியது. ரப்பர் கருகும் வாடை ஜன்னல் வழியாக உள்ளே வந்தது.

“மாமா, டயரு உரசுது.”

“காத்து கூட ஏத்துனாச் சரியாயிரும்.”

காற்று ஏற்றினான். உரசல் கொஞ்சம் குறைந்தது. பட்டறைக்காரர் வண்டிக்கடியில் குனிந்து, அச்சின் மேல் அடுக்கியிருந்த இரும்புப் பட்டைகளைத் தட்டிப் பார்த்துவிட்டு, ஒன்று கீறல் விட்டிருக்கிறது, மாற்றி இன்னும் இரண்டு பட்டை சேர்த்தால்தான் டயருக்கு மேலே இடம் கிடைக்கும், ஒரு நாள் வண்டியை விட்டுவிட்டுப் போங்கள் என்றார். அக்கினி நட்சத்திரத்தில் தண்ணீர் வண்டியை ஒரு நாள் நிறுத்துவது நடக்கிற காரியமா? மழை விழட்டும் அண்ணே என்று மலையாண்டி வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் சின்னக்கருப்பன்பட்டியிலிருந்து சிவபாண்டி என்பவன் போன் செய்தான். அவனுடைய அப்பா விடிகாலையில் இறந்துவிட்டார். ஊர் மோட்டார் ஓடவில்லை. குளிப்பாட்டவும், வருகிற சனத்துக்கும் தண்ணீர் வேண்டும். சாயங்காலத்துக்குள் எடுக்க வேண்டும்.

“வாரேன் மாப்ள, மத்தியானத்துக்குள்ள வந்துர்றேன்” என்றான் மலையாண்டி.

கேத வீட்டுக்கு ஏற்றுகிற தண்ணீருக்குத் தண்ணீர் வண்டிக்காரர்களிடையே ஒரு கட்டு உண்டு. அதை வழியில் யாருக்கும் இறக்கக் கூடாது, தரையிலும் கொட்டக் கூடாது. கொட்டினால் போனவர் துணைக்கு ஆள் கேட்பார். மலையாண்டி இதை நம்பினான். அன்றைக்கு மட்டும் டேங்கின் மேல் மூடியைக் கயிற்றால் கட்டினான், வால்வில் சொட்டிய தண்ணீருக்குக்கூடத் துணி சுற்றினான். முத்துமீனா நம்பவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. நர்ஸிங் ஹோமில் ஆள் இறந்து ஒரு கட்டில் காலியானால் பக்கத்துக் கட்டில்காரர் தன்னை வேறு இடத்துக்கு மாற்றச் சொல்லிக் கெஞ்சுவார். மாற்றினால் தூங்குவார். அவளுக்கு அது போதும்.

கண்மாய்க் கரையைத் தாண்டி, ஒரு சின்ன பாலம் ஏறி இறங்கும் இடத்தில் பின்னால் ‘டங்’கென்று ஒரு சத்தம் கேட்டது. வண்டி இடது பக்கமாகச் சாய்ந்தது. அடுத்த நொடி டயர் தட்டின் அடியில் பிடித்துக்கொண்டு அலறியது. புகை வந்தது. மலையாண்டி வண்டியை இடப்பக்கம் ஒதுக்கி, பாதி தாரிலும் பாதி மண்ணிலுமாக நிறுத்தினான்.

கீறல் விட்ட பட்டை முழுசாக முறிந்திருந்தது. இடது பின் டயருக்கும் தட்டுக்கும் நடுவே ஒரு தாள்கூட நுழையாது.

எதிர்ப்புறத்தில் ஒரு பெட்டிக்கடை இருந்தது. கடைக்காரி சோலையம்மாள் கல்லா முன்னால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதைத் தவிர கண்ணுக்கெட்டிய தூரம் கரிசல் காடுதான். வெயிலில் அது வெடித்துப் பாளம் பாளமாகக் கிடந்தது.

“வால்வத் தெறந்து விடுங்க மாமா. பாதி கொறஞ்சாலே வண்டி தூக்கிரும். மெல்ல ஓட்டிட்டுப் போயிரலாம்.”

“என்ன தண்ணின்னு தெரிஞ்சுதான் பேசுறியா?”

“தெரியும். தண்ணி.”

“கேதத் தண்ணிய நடு ரோட்டுல கொட்டச் சொல்றா பாரு! ஏ புள்ள, ஒனக்குத் தாலி கனக்குதா?”

அவன் கத்தியது எதிர்ப்புறம் வரைக்கும் கேட்டது. சோலையம்மாளின் விசிறி நின்றது.

மலையாண்டியிடம் வேறு வழி இருந்தது. சுமை ஏறிய வண்டியை ரோட்டில் நகர்த்தப் பழைய லாரிக்காரர்கள் செய்கிற வேலை அது. வண்டியின் அடிச்சட்டமான சேஸுக்கு அடியில் ஜாக்கி கொடுத்துத் தூக்கினால் அச்சு அங்கேயே நிற்கும், சேஸ் மட்டும் மேலே போகும். இரண்டுக்கும் நடுவே விழுகிற இடைவெளியில் ஒரு புளியங்கட்டையைச் செருகிவிட்டு ஜாக்கியை இறக்க வேண்டும். அப்புறம் சுமை பட்டையில் இறங்காது, கட்டையில் உட்காரும். டயருக்கு மேலே இடம் கிடைக்கும். குலுக்கல் எலும்பை உடைக்கும். ஆனால் ஊர் போய்ச் சேரலாம்.

சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கும் புளியங்கட்டைகள் இரண்டு சீட்டுக்குப் பின்னால் கிடந்தன. முன் சக்கரத்துக்கு இரண்டு கல்லை வைத்துவிட்டு ஒரு கட்டையை இதற்கு எடுத்துக்கொண்டான். ஜாக்கிக்கு அடியில் ஒரு பலகையை மண்ணில் போட்டான்.

“தார் மேல வைக்கக் கூடாதா?”

“சேஸு எங்க இருக்கோ அங்கதானடி வைக்க முடியும்.”

அது சரிதான். அவன் ஜாக்கியைச் சுற்றி சேஸைத் தூக்கினான். ஆனால் பாலத்தில் விழுந்த அதிர்ச்சியில் வால்வு தளர்ந்திருந்தது. சுற்றியிருந்த துணியை மீறித் தண்ணீர் இப்போது நூல் மாதிரி இறங்கியது. ரோடு இடப்பக்கம் சரிவு. தண்ணீர் தாரின் ஓரமாக ஓடி, பலகைப் பக்கம் போனது. முத்துமீனா ஒரு வாளியை எடுத்து வால்வுக்கு அடியில் வைத்தாள். நிரம்ப நிரம்ப அதை எடுத்து எதிர்ப்புறம் கொண்டுபோய் ஊற்றலாம் என்று நினைத்தாள். அதற்கும் மலையாண்டி விடவில்லை.

“வாளியில இருக்கறத மேல டேங்குக்குள்ளயே ஊத்து. கீழ ஒரு சொட்டு விழக் கூடாது.”

டேங்கின் மேல் ஏறி, மூடியின் கயிற்றை அவிழ்த்து, ஊற்றி, இறங்குவதற்குள் வாளி இல்லாத வால்வு மண்ணில் சொட்டிக்கொண்டுதான் இருந்தது. கரிசல் மண்ணைப் பற்றி அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. காய்ந்தால் கல், நனைந்தால் களி. பலகையின் ஓரம் கறுத்திருந்தது.

“மாமா, பலகை நனையுது.”

“ரெண்டு நிமிசம்தான். அந்தப் பக்கம் போயி, ஜாக்கிக் கம்பிய விட்டு கட்டைய என் பக்கம் தள்ளு. நான் பிடிச்சுச் சரியா உக்கார வைக்கிறேன்.”

அவள் வாளியை விட்டுவிட்டுப் போனாள். அவன் டயருக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வலது கையை முழங்கை வரை உள்ளே விட்டான். கட்டை வந்தது, கொஞ்சம் கோணலாக வந்தது. அவன் அதைத் திருப்பினான். “இன்னும் கொஞ்சம், இன்னும்…” என்றான். பின்னால் வாளி நிரம்பி வழிகிற சத்தம் அவளுக்குக் கேட்டது. எழுந்து போகலாமா என்று அவள் நினைத்தபோது சத்தமே இல்லாமல் ஜாக்கி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. வண்டி பெருமூச்சு விடுவது போல இறங்கியது.

அவன் கத்தவில்லை. “அய்யோ மீனா” என்றான், ஏதோ சாவியை மறந்து வைத்தவன் போல.

கட்டை கோணலாக மாட்டியிருந்ததால் இடைவெளி முழுசாக மூடவில்லை. அதனால் கை இன்னும் கையாக இருந்தது. ஆனால் மணிக்கட்டுக்குக் கீழே அச்சுக்கும் சேஸுக்கும் நடுவே சிக்கியிருந்தது. அவன் தோளை முறுக்கி இழுக்கப் பார்த்தான். அவள் ஓடிவந்து அவன் தோளை இரண்டு கையாலும் அமுக்கினாள்.

“இழுக்காத. இழுத்தா தோலு உரிஞ்சு வந்துரும். இப்படியே இரு. விரல அசைக்க முடியுதா?”

“தெரியலடி.”

“வலிக்குதா?”

“முன்ன வலிச்சுச்சு. இப்ப இல்ல.”

அந்தப் பதில் அவளுக்குப் பிடிக்கவில்லை. ஜாக்கியைப் பார்த்தாள். களியில் புதைந்து, சேஸின் அடியில் படுத்துக் கிடந்தது. எடுக்க முடியாது. எடுத்தாலும் வைக்க இடம் இல்லை.

“அக்கா, நூத்தியெட்டுக்கு போன் போடுங்க!” என்று எதிர்ப்புறம் பார்த்துக் கத்தினாள். சோலையம்மாள் எழுந்து நின்றாளே தவிர நகரவில்லை.

இனி சுமை குறைய வேண்டும், வேறு வழியே இல்லை. முறிந்தது ஒரு பட்டைதான். மற்றப் பட்டைகளுக்கு இன்னும் உயிர் இருந்தது. தண்ணீர் இறங்க இறங்க அவை சேஸைத் தூக்கும். ஆனால் வால்வைச் சும்மா திறந்தால் இரண்டாயிரம் லிட்டரும் மலையாண்டியின் காலடியில், அதே மண்ணில் விழும். சக்கரம் இருக்கிற இடமும் களியாகும். வண்டி இன்னும் சாயும்.

அவள் ஓஸை எடுத்தாள். வால்வில் மாட்டி இறுக்கினாள். மறு நுனியைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டைக் குறுக்கே கடந்து, சோலையம்மாளின் கடைக்குப் பக்கத்துப் பள்ளத்தில் எறிந்தாள். திரும்பி வந்து வால்வை முழுக்கத் திறந்தாள்.

“கொட்டாத மீனா” என்றான் மலையாண்டி. “சொன்னாக் கேளு. கொட்டாத.”

“கொட்டியாச்சு.”

ஓஸ் விம்மிப் புடைத்தது. மறுபுறம் தண்ணீர் விழுகிற சத்தத்தோடு சோலையம்மாளின் குரலும் வந்தது.

“ஏ ஆத்தா! கேத வீட்டுத் தண்ணிய என் வாசல்லயா விடுற? நாலு புள்ள பெத்தவடி நானு! எடு மொதல்ல!”

அவள் ஓஸை மிதித்துவிட்டாள். சத்தம் நின்றது.

முத்துமீனா எழுந்து ரோட்டின் நடுவே வந்து நின்றாள். எழும்போது கீழே கிடந்த அந்த இரும்புக் கம்பியையும் எடுத்திருந்தாள். அது கையில் இருப்பதை அவளே கவனிக்கவில்லை.

“அக்கா, அங்க ஒரு ஆளோட கை போய்க்கிட்டு இருக்கு. கால எடுங்க.”

“ஒன் புருசன் வாயாலயே சொன்னான்ல, கேதத் தண்ணின்னு! கொட்டுனா ஆள் கேக்கும்டி!”

“கேட்டா எங்க வீட்ட கேக்கட்டும். மலையாண்டி வீடு, எழுமலைன்னு சத்தமாச் சொல்றேன், போதுமா? இப்ப கால எடுக்கலேன்னா நான் எடுத்து விடுவேன்.”

சோலையம்மாள் கம்பியைப் பார்த்தாள். காலை எடுத்தாள். உள்ளே போய் வாசலில் இருந்த இரண்டு குடத்தையும், காய வைத்திருந்த வற்றலையும் தூக்கிக் கடைக்குள் வைத்துவிட்டு, அப்புறம்தான் போனை எடுத்தாள்.

தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. வண்டி அசையவில்லை. மலையாண்டியின் முகம் வெளுத்து, நெற்றியில் வேர்வை துளித் துளியாக நின்றது. அந்த வேர்வையை அவளுக்குத் தெரியும். வெயில் வேர்வை ஒழுகும், இது ஒழுகாது. அவனைத் தன் மேல் சாய்த்துக்கொண்டாள்.

“தண்ணி குடு” என்றான்.

“கிடையாது.”

“பாவி, இம்புட்டுத் தண்ணி ஓடுது.”

“ஆப்பரேசன் பண்ணணும்னா வயிறு காலியா இருக்கணும்.” முந்தானையை நனைத்து அவன் உதட்டில் மட்டும் ஒற்றினாள். அவன் அதைச் சப்பப் பார்த்தான். எடுத்துவிட்டாள்.

இரண்டு மோட்டார் சைக்கிள்கள் வந்து நின்றன. ஒன்றின் டேங்கின் மேல் பெரிய ரோஜா மாலை கிடந்தது. சின்னக்கருப்பன்பட்டிக் கேதத்துக்குத்தான் போகிறார்கள். நாலு பேரும் ஓடி வந்தார்கள்.

“டேய், பின்னாடி பிடிங்கடா! ஒரே தூக்கு!”

“யாரும் வண்டியத் தொடாதீங்க!” என்று அவள் போட்ட சத்தத்தில் கை வைத்தவன் தீயைத் தொட்டவன் போல எடுத்தான். “தூக்கிட்டு நழுவ விட்டீங்கன்னா கை ரெண்டாயிரும். கல்லு கொண்டு வந்து மத்த சக்கரத்துக்கெல்லாம் போடுங்க. ஒருத்தர் ஓஸ் மேல வண்டி ஏறாமப் பாருங்க.”

கல் கொண்டு வந்து போட்டார்கள். வெயிலில் மாலையின் வாடை கனமாக வந்தது. ஒருவன் மெதுவாகக் கேட்டான்:

“அக்கா, இது அங்க வர வேண்டிய தண்ணியா?”

அவள் தலையசைத்தாள். நாலு பேரும் ஓஸிலிருந்து ஒரு எட்டுத் தள்ளி நின்றுகொண்டார்கள்.

முதலில் டயர்தான் விட்டது. தட்டின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்த ரப்பர் ‘படக்’கென்று பிரிந்தது. பிறகு பட்டைகள் ஒவ்வொன்றாக முனகின. சேஸ் மெல்ல எழுந்தது. கட்டை தளர்ந்து விழுந்தது. இன்னும் ஒரு விரல் இடைவெளி வரட்டும் என்று அவள் காத்திருந்தாள். வந்ததும் மேலே ஒரு கையும் கீழே ஒரு கையும் கொடுத்து, பச்சைக் குழந்தையை எடுப்பது போல அந்தக் கையை வெளியே எடுத்தாள்.

ரத்தம் அதிகம் இல்லை. அது நல்லதல்ல. கட்டைவிரல் நகத்தை அழுத்தி விட்டாள். வெள்ளை நின்றது, பிறகு சோம்பலாகச் சிவப்பு வந்தது. அடுத்த இரண்டு விரலுக்கும் வந்தது. மோதிர விரலை அழுத்தினாள். வரவில்லை. சுண்டு விரலை அழுத்தினாள். வரவில்லை. மறுபடி அழுத்திப் பார்க்கவில்லை. தெரிந்ததைத் திரும்பப் பார்த்து என்ன ஆகப் போகிறது?

“எப்படி இருக்கு?” என்று மலையாண்டி கேட்டான், கண்ணை மூடிக்கொண்டே.

“மூணு நல்லா இருக்கு” என்றாள்.

மதுரையில் அந்த இரண்டு விரல்களையும் எடுத்தார்கள். மற்றவை மடங்கும், ஆனால் ஸ்டீயரிங் பிடிக்குமா என்பதை இப்போது சொல்ல முடியாது என்றார்கள். மலையாண்டி வீட்டுக்கு வந்து கட்டிலில் படுத்துக்கொண்டு, மச்சினன் கருப்புவிடம் வண்டியைக் கொடுத்துப் பட்டறைக்கு அனுப்பினான். முறிந்த பட்டையை மாற்றி, மேலும் இரண்டு பட்டை ஏற்றி வந்தார்கள். வண்டியின் பின்பக்கம் இப்போது வெட்டுக்கிளி மாதிரித் தூக்கிக்கொண்டு நின்றது. டயருக்கு மேலே முழங்கையை நுழைக்கலாம். மலையாண்டி ஜன்னல் வழியாக அதைப் பார்த்துவிட்டு, “இனிமே ரெண்டரையாயிரம் வச்சாலும் உரசாது” என்றான்.

“உரசாது. அதான் பயமா இருக்கு” என்றாள் முத்துமீனா. “உரசுனதாலதான் நமக்குத் தெரிஞ்சுச்சு. இப்ப முறியப் போறது எதுன்னு சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல.”

அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

பதினாறாம் நாளுக்கு முந்தின நாள் சிவபாண்டி வந்தான். மொட்டை போட்டிருந்தான். கட்டுப் போட்ட கையைப் பார்த்துவிட்டு உட்காரவே கொஞ்சம் நேரம் ஆயிற்று. அன்றைக்குப் பக்கத்து ஊரிலிருந்து குடத்தில் தூக்கி வந்து குளிப்பாட்டினார்கள், எடுப்பதற்குள் இருட்டிவிட்டது என்றான்.

“மறுநாளே சித்தப்பாவுக்கு நெஞ்சு வலி. அதுக்கப்புறம் மாடு ஒண்ணு. வீட்டுல பொம்பளையாளுக தூங்க மாட்டேங்குறாக. அந்தத் தண்ணி வந்து சேராததாலதான்னு பெரியாளுக சொல்றாக. நாளைக்கு அதே வண்டியில, அதே டேங்குல கொண்டாந்து எறக்கிருங்க. எங்க கணக்கு முடிஞ்சிரும்.”

“கருப்பு கொண்டு வருவான்” என்றான் மலையாண்டி உடனே. படுத்திருந்தவன் எழுந்து உட்கார்ந்துவிட்டான். இத்தனை நாளாக அவனும் இதற்குத்தான் காத்திருந்தான் போல. “டேங்கு நெறையக் கொண்டு வருவான்.”

“பாதி டேங்கு” என்றாள் முத்துமீனா.

“அது எப்படி அத்தாச்சி? முழுசா வரணும்ல. பாதின்னா பாதிதான தீரும்?”

“மீதிய ஒங்க அப்பாவுக்கு ஏற்கெனவே ஊத்தியாச்சு. என் வீட்டுப் பேரச் சொல்லித்தான் ஊத்துனேன்.”

சிவபாண்டி மலையாண்டியைப் பார்த்தான். பிறகு இரண்டு பேரும் கட்டுப் போட்ட அந்தக் கையையே பார்த்தார்கள்.

மறுநாள் காலையில் கருப்பு ஓட்டினான். அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பட்டை புதுசு, சுமை குறைவு. மேட்டிலும் பள்ளத்திலும் எதுவும் எதிலும் உரசவில்லை. ஆனால் பாதி டேங்குக்குத் தன் இடத்தில் நிற்கத் தெரியாது. ஒவ்வொரு வளைவிலும் தண்ணீர் உள்ளே எழுந்து ஒரு பக்கம் போய் மோதி, வண்டியை அந்தப் பக்கம் இழுத்துவிட்டுத் திரும்பியது. கருப்பு ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்தான்.

“அக்கா, நெறைய இருந்தா இப்படி ஆடாதுல?”

“ஆடாது. நீ மெல்லப் போ.”

சின்னக்கருப்பன்பட்டியில் பந்தலுக்கு முன்னால் வண்டி நின்றது. பெண்கள் குடத்தோடு வந்து வரிசையாக நின்றார்கள். யாரும் முண்டவில்லை. வண்டி நின்ற பிறகும் டேங்குக்குள் தண்ணீர் முன்னும் பின்னும் புரண்டு, அதன் பக்கங்களை இடித்துக்கொண்டிருந்தது. அது அடங்குகிறவரை முத்துமீனா இறங்கவில்லை.